மூச்சு விடச் சொல்லும் உரிமை

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த நாளில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே மக்கள் வண்டியைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வீடு திரும்பினார்கள். என் அலுவலக வாட்ஸாப் குழுவில் அதை வைத்து இரண்டு நாள் நகைச்சுவை ஓடியது. சித்லப்பாக்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா சிரிக்கவில்லை. "எம்புட்டுப் பேருக்கு இருக்கு பாருல" என்றாள்.

எது இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. 2015 டிசம்பர் முதல் அது எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மனக்காயம் என்று எழுதலாம். அக்கா அதற்குப் பெயர் வைத்ததில்லை. "அது வருது" என்பாள், அவ்வளவுதான்.

அந்தக் காயத்தை மூச்சால் ஆற்ற முடியுமா என்று ஒன்பது வருடமாக நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முடியும் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஓரளவு முடிந்ததையும் கண்ணால் கண்டேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு கேள்வி. துன்பத்தில் இருக்கும் இன்னொருவரைப் பார்த்து "கொஞ்சம் மூச்சை இழுத்து விடு" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

*

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களில் பலரைப் போல நாங்களும் தாம்பரத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டோம். 2004-இல் அத்தான் ஓய்வு பெற்றபோது முடிச்சூரில் மனை வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். விலை கட்டுப்படியானது. "அடையாறு இந்தப் பக்கந்தான சார் ஆரம்பிக்குது, இங்க அது வாய்க்கா மாதிரி" என்றார் தரகர். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. கோடையில் பார்த்தால் வாய்க்கால்தான்.

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. அந்த வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த கதையைத்தான் பேசுவார்கள். அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அந்த ஏரித் தண்ணீர் இல்லை. மேலே இருந்த சின்னச் சின்ன ஏரிகள் நிரம்பி வழிந்தன. வழிந்த தண்ணீர் போகவேண்டிய இடத்தில் என் அக்கா வீடு இருந்தது.

டிசம்பர் 1 இரவு ஒன்பதரைக்கு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "வாசல்ல தண்ணி நிக்கி. கெளம்பி வந்துரவா?" அத்தானுக்கு அதற்கு முந்தைய வருடம் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்திருந்தது. நான் சொன்னேன்: "நவம்பர்லயும் படிக்கட்டு வரைக்கும் வந்து வடிஞ்சிட்டுல்லா. இந்த மழையில அத்தான எப்படி எறக்குவ? காலையில பாப்போம்." அதன்பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

நள்ளிரவுக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. அத்தானைக் கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இழுத்து ஏற்றினாள். மேசையும் மிதக்கத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியில் ஒரு கையையும் அவர் தாடைக்கடியில் ஒரு கையையும் வைத்துக்கொண்டு இருட்டில் நின்றாள். எதிர்வீட்டுப் பையன்கள் கயிறு கட்டி வந்து இருவரையும் மாடிக்கு எடுத்துப்போனபோது விடிந்திருந்தது. மூன்று மணி நேரமாவது அப்படி நின்றிருப்பாள். அந்த நேரம் முழுக்க அவள் செய்த ஒரே காரியம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டால் இருக்கிறார், கேட்காவிட்டால் இல்லை.

அத்தான் அன்று பிழைத்தார். சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்ததில் நுரையீரலில் சளி கட்டி, பதினோராம் நாள் மருத்துவமனையில் போனார். சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது. மாநிலத்தில் 400 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு வந்தது. அந்தக் கணக்கில் அவர் இல்லை.

*

அடுத்த வருட மழைக்காலத்தில்தான் "அது" வந்தது. மழைச் சத்தம் கேட்டால் அக்காவுக்கு நெஞ்சடைக்கும். கை நடுங்கும். ராத்திரி எழுந்து பிள்ளைகள், மருமகள், யார் தூங்கினாலும் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார், தூக்கம் கொஞ்சம் வந்தது. இதோடு மூச்சுப் பயிற்சியும் செய்தால் நல்லது என்றார். எனக்கு மகிழ்ச்சி. செலவில்லாத மருந்து, நம் ஊர்ச் சொத்து. வீட்டுக்கு அருகில் நடந்துகொண்டிருந்த ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் நாளே பாதியில் எழுந்து வந்துவிட்டாள். ஆசிரியர் நல்ல மனிதர். விளக்கை அணைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, "உள்ளே போகும் மூச்சை மட்டும் கவனியுங்கள், இப்போது அப்படியே நிறுத்துங்கள்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். அக்கா முடிச்சூர் ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"ஏல, மூச்சக் கவனிக்கச் சொல்லுதாங்க. அதத்தான அன்னைக்கி ராத்திரி பூரா கவனிச்சேன்" என்றாள் ஆட்டோவில் வரும்போது.

எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று நினைத்தேன். இருபது பேருக்கு ஒத்துவருவது இவளுக்கு ஏன் ஒத்துவரவில்லை? இப்போது யோசித்தால், ஒரு மருந்து வேலை செய்யாதபோது நோயாளியைக் குறை சொல்லும் பழக்கம் நமக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது என்று தெரிகிறது. மூச்சு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். ஆஸ்துமாக்காரருக்கும், நீரில் மூழ்கி எழுந்தவருக்கும், கழுத்து நெரிக்கப்பட்டவருக்கும் அது ஒன்றில்லை. அமைதியாக இருக்கச் சொன்னாலே பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு என்பதை மனநல மருத்துவம் அறிந்தே வைத்திருக்கிறது. எப்போதும் விழிப்பாக இருந்ததால்தான் உயிர்பிழைத்தோம் என்று உடம்பு நம்பும்போது, ஓய்வு என்பதே அதற்கு ஆபத்தாகத் தெரிகிறது.

*

அக்காவுக்கு வழி காட்டியவர் அவள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. நெஞ்சக நோய் வார்டுகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். யோகாவும் தெரியாது, உளவியலும் படித்ததில்லை. மூச்சிரைப்புக்காரர்களுக்கு உதட்டைக் குவித்து ஊதச் சொல்லிக் கொடுத்துப் பழக்கம்.

"அக்கா, கண்ண மூடாதீங்க. கதவ நல்லா தொறந்து வச்சிட்டு வாசல் பக்கமா உக்காருங்க. மூச்ச பத்தி நினைக்கவே வேணாம். காபி சூடா இருக்குல்ல, அத ஊதுங்க" என்றார்.

அவ்வளவுதான் பயிற்சி. காபி ஆறும்வரை ஊதுவது. பாதம் இரண்டும் தரையில் பட்டிருக்க வேண்டும். உள்ளே இழுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. வெளியே விட்டால் உள்ளே தானாக வரும். நிறுத்தி வைப்பது கிடையாது. வேண்டாம் என்றால் எழுந்து போகலாம். சில நாள் காபிக்குப் பதிலாக ஏதாவது பாட்டை வாய்மூடி முனகச் சொன்னார். அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மா பாடிய தாலாட்டின் மெட்டு மட்டும் நினைவிருந்தது, சொற்கள் இல்லை. அதை முனகினாள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பிறகு நான் தேடிப் படித்தேன். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது முறை மூச்சு விடுகிறோம். உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். அந்த வேகத்தைக் குறைக்கும் கட்டளை வேகஸ் நரம்பு வழியாகப் போகிறது. ஆகவே வெளிமூச்சு நீளும்போது இதயம் தணிகிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத இதயத்தோடும் குடலோடும் நாம் பேசுவதற்கு இருக்கும் சில வாசல்களில் மூச்சு ஒன்று. தானாகவும் நடக்கும், நாம் நடத்தினாலும் நடக்கும்.

2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், பிறகு ஒரு திபெத்திய மந்திரத்தை உச்சரிக்க வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. அந்த வேகத்தில் இதயத்தின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று ஒத்திசைந்தன. இரண்டு மதத்தாரும் கூடிப் பேசி அந்த ஆறை முடிவு செய்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகத் துக்கத்தில் இருந்தவர்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்த வேகமாக இருக்கலாம். நம் வீட்டில் குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் முதலில் என்ன செய்கிறோம்? "வா, ஊதி விடுறேன்" என்கிறோம். சிராய்ப்பு அதனால் ஆறாது என்று ஊதுகிறவளுக்கும் தெரியும். ஊதும் அந்த நேரத்துக்கு ஒருத்தி குனிந்து தன் காயத்தைப் பார்க்கிறாள் என்பது குழந்தைக்குத் தெரியும்.

பேரிடருக்குப் பிறகான ஆய்வுகளும் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் தப்பி நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் இருந்த 183 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. எல்லோருமே கடுமையான மனக்காய அறிகுறிகள் கொண்டவர்கள். சிலருக்கு 8 மணி நேர யோக மூச்சுப் பயிற்சி. சிலருக்கு அதோடு நடந்ததைப் பேசவைக்கும் சிகிச்சையும். மற்றவர்கள் ஆறு வாரம் காத்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன. பேச்சைச் சேர்த்ததால் குறிப்பிடும்படி கூடுதல் பயன் இல்லை. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்தார்கள் என்பது அந்த ஆய்வின் பலவீனம். 2014-இல் அமெரிக்காவில் பெஸல் வான் டெர் கோக் குழுவினர், பிற சிகிச்சைகளுக்கு மசியாத நாள்பட்ட மனக்காயம் கொண்ட 64 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பத்து வார யோகாவைச் சோதித்தார்கள். அங்கேயும் பலன் இருந்தது. அந்த யோகாவில் ஆசிரியர் கட்டளை இடமாட்டார். "விரும்பினால்" என்று சொல்லித்தான் ஒவ்வொன்றையும் முன்வைப்பார்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், முதல் பாதத்தில், மனம் தெளிய மூச்சை வெளிவிடுவதைப் பற்றிய ஒரு சூத்திரம் இருக்கிறது. நான் கவனித்தது அதிலுள்ள ஒரு சின்ன சொல்லை. "வா" என்ற அந்த வடசொல்லுக்கு "அல்லது" என்று பொருள். மனம் தெளிவதற்கான பல வழிகளை அடுக்கும் இடம் அது. மூச்சு அவற்றில் ஒன்று. இது, அல்லது இது, அல்லது உனக்குப் பிடித்த வேறொன்று. நம் காலத்து வகுப்புகளில் இந்த "அல்லது" காணாமல் போய்விட்டது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பூரகம், கும்பகம், ரேசகம் என்று 16, 64, 32 என மாத்திரைக் கணக்குச் சொல்கிறது. அது நீண்ட நாள் சாதகனுக்குச் சொன்ன கணக்கு. அறுபத்து நான்கு மாத்திரை மூச்சை நிறுத்துவதை, தண்ணீருக்குள் நின்று வந்தவளிடம் கேட்க முடியாது.

*

இதுவரை சொன்னது முறை பற்றியது. முறை சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

2018 ஜூலையில் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று அது சொன்னது. அந்தச் செய்தியை அக்கா தினத்தாளில் இரண்டு முறை படித்தாள். மடித்து வைத்தாள். அன்று சாயங்காலம் காபி ஆற்றவில்லை, முனகவில்லை.

"ஊதலயாக்கா?" என்றேன்.

"எதுக்கு? நான் அமைதியாயிட்டா யாருக்குல லாபம்?" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏரிக்கால்வாயை அடைத்தவர்கள், மனைக்கு அனுமதி கொடுத்தவர்கள், கொடுத்த அனுமதியைக் கேள்வி கேட்காமல் வாங்கச் சொன்னவர்கள், எல்லோருக்கும் லாபம்தான். அநியாயத்துக்கு ஆளானவர் நிம்மதியாக மூச்சு விடத் தொடங்கிவிட்டால், அநியாயம் முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் கணக்கை மூடிவிடலாம். முகாமில் பயிற்சி கொடுத்தோம், இத்தனை பேருக்கு மதிப்பெண் குறைந்தது என்று அறிக்கை எழுதலாம். வடிகால் அப்படியே இருக்கும்.

ஆஸ்திரியாவில் பிறந்து அவுஷ்விட்ஸ் முகாமில் இருந்து மீண்ட ழான் அமெரி என்ற எழுத்தாளர் 1966-இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் இதைப் பற்றித்தான் வாதிட்டார். காலம் காயத்தை ஆற்றும் என்பது இயற்கையின் விதியாக இருக்கலாம், ஆனால் அறம் அதை ஏற்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. தன் மனக்கசப்பை நோய் என்று சொல்லி ஆற்ற முயன்றவர்களை அவர் ஏற்கவில்லை. குற்றம் செய்தவன் அதைத் தன் குற்றமாக உணரும்வரை அந்தக் கசப்பு இருந்தாக வேண்டும் என்றார். முதன்முறை படித்தபோது இது தன்னையே வருத்திக்கொள்ளும் பிடிவாதமாகத் தோன்றியது. அக்காவின் கேள்விக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

வள்ளுவரில் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. துன்பம் வந்தால் கலங்காதே என்பதுதான் சாரம். துன்பத்தில் இருப்பவர் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டால் அது வீரம். கரையில் நின்றுகொண்டு மூழ்குகிறவரிடம் நான் சொன்னால், அதே சொற்கள் வேறாகிவிடுகின்றன.

அக்காவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அது அநியாயத்தைப் பற்றியதல்ல. ஒரு நாள் தானாகவே சொன்னாள்: "மழை பெய்தா அவுக மூச்சு எனக்குக் கேக்கும். அது கேக்காமப் போச்சுன்னா அவுக நெசமாவே போயிருவாக." ஆறுவது துரோகம் என்று அவள் நினைத்தாள். அந்த இரவின் ஒரே சாட்சி அவள்தான். அரசாங்கப் பட்டியலில் இல்லாத ஒரு சாவு அவள் நெஞ்சடைப்பில் மட்டும் பதிவாகியிருந்தது. அதையும் ஊதி அணைத்துவிட்டால் எங்கே பதிவு?

*

இந்தக் கேள்வியோடு இருந்த நாட்களில் எனக்கு உதவியது, நான் தினம் கடந்துபோகும் ஒரு ரயில் நிலையத்தின் பெயர்: தாம்பரம் சானடோரியம். பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கினார். இங்கிலாந்தில் இதேபோன்ற ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். 1937-இல் அரசு அதை ஏற்றது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு. நோயாளிகள் காற்றோட்டத்தில் படுத்து மூச்சு விடுவதே சிகிச்சை.

பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதையும், நெரிசலான வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுப்பதையும் அது ஒப்பிட்டது. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, காற்றோட்டம் குறைவு. ஆனாலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். குணப்படுத்தியது மருந்து. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் சென்னையின் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு.

அப்படியானால் அதற்கு முன் முப்பது வருடம் நல்ல காற்றைக் கொடுத்தவர்கள் ஏமாற்றினார்களா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. மருந்து இல்லாத காலத்தில் மனிதனைத் தாங்கிப் பிடிக்கக் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். மருந்து வந்த பிறகும் காற்றே போதும் என்று சொல்லியிருந்தால்தான் அது ஏமாற்று.

மூச்சுப் பயிற்சியை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அது தாங்கும். மாத்திரை, காயத்தை நிதானமாக அணுகத் தெரிந்தவரிடம் பேசுவது, பக்கத்துவீட்டுக்காரர்கள், சரியான வடிகால், இறந்தவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறுவது ஆகியவற்றின் இடத்தில் அதை வைக்கக் கூடாது. அவை வரும்வரை, வந்த பிறகும்கூட, ஒருவர் நிற்பதற்கு அது ஒரு தரை.

பேசவைப்பது மட்டுமே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பேரிடர் நடந்த உடனே ஆட்களைக் கூட்டி நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னால் செய்த மதிப்பீடுகளில் அது மனக்காயத்தைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குக் கூடுதல் கேடு செய்திருக்கலாம் என்றும் தெரிந்தது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, யாரையும் பேசும்படி வற்புறுத்தாதே என்கிறது. மூச்சுக்குள்ள சிறப்பு இங்கேதான். அது கதையைக் கேட்பதில்லை. கதை சொல்லத் தயாராகாத உடம்புக்கும் அது கொஞ்சம் இடம் கொடுக்கிறது. தமிழில் "மூச்சு விடாதே" என்றால் யாரிடமும் சொல்லாதே என்று பொருள். மூச்சு விட முடிந்தவருக்கு ஒரு நாள் சொல்லவும் முடியலாம்.

*

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அக்காவை முன்கூட்டியே எங்கள் வீட்டு முதல் மாடிக்கு அழைத்து வந்திருந்தோம். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மறுபடி தண்ணீர். எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு. மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அக்கா பாதத்தைத் தரையில் வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது, ஆனால் எழுந்து ஓடவில்லை. அவளைக் கவனித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தவன் நான்.

எனக்குத்தான் மூச்சு முட்டியது. இரவு ஒன்பதரை மணி, மழை, தொடர்பில்லாத தொலைபேசி. எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்று தொண்டையில் நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"காலத் தரையில வையி. வெளிய விடு. உள்ள இழுக்காத, அது தன்னால வரும்."

விட்டேன். ஐந்தாறு முறைக்குப் பிறகு சொல்ல முடிந்தது. "அன்னைக்கி நீ கெளம்பி வரட்டான்னு கேட்ட. நான்தான் வேண்டாம்னேன்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தெரியும்ல. நீ சொன்னத நானுந்தான கேட்டேன்" என்றாள்.

மன்னித்தாளா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சொன்னது மன்னிப்பில்லை. அந்தத் தவற்றில் பாதியைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். மீதியை என்னிடமே விட்டுவிட்டாள். அன்றுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அவளை அந்த வகுப்பில் சேர்த்தபோது, அவள் எழுந்து வந்தபோது எரிச்சல்பட்டபோது, 2018-இல் "ஊதலயாக்கா" என்று கேட்டபோது, எனக்குத் தேவைப்பட்டது அவளுடைய அமைதிதான், ஆனால் என் பொருட்டு. அவள் அமைதியாகிவிட்டால் நான் விடுதலை. ஒருவரை மூச்சு விடச் சொல்லும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: அவர் அமைதியானால் நிம்மதி யாருக்கு? மூச்சு திரும்பியதும் அவர் பேசப்போவது நமக்கு எதிரான குற்றச்சாட்டாகவே இருந்தாலும் உட்கார்ந்து கேட்போமா? கேட்பேன் என்றால் சொல்லலாம். நர்ஸம்மா அப்படிக் கேட்டார். நான் எட்டு வருடம் தாமதித்தேன்.

ஆறுவது மறப்பது என்ற அக்காவின் பயமும் நடக்கவில்லை. மழை வந்தால் அவளுக்கு இன்னும் அத்தான் மூச்சு கேட்கிறது. முன்பு அது கேட்டால் ஜன்னல் கம்பியோடு நின்றுவிடுவாள். இப்போது அவரைப் பற்றிப் பேசுகிறாள். பக்கவாதத்துக்கு முந்தைய அத்தானையும், அவர் சைக்கிளில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் மறக்காமல் மறந்துவிட்டு வரும் கொத்தமல்லியையும். அமெரியின் கசப்பும் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் கசப்பைச் சுமந்து ஓர் அலுவலகப் படியேறவும் மூச்சு வேண்டும். நெஞ்சடைப்பால் வீட்டுக்குள் கிடந்தவள் கேள்வி கேட்டதில்லை. புயலுக்குப் பிறகு தெருக்காரர்களோடு சேர்ந்து வடிகால் கேட்டு மனு எழுதினாள். தன் பெயருக்குக் கீழே, கேட்காமலேயே, ஒரு வரி சேர்த்தாள்: 2015 வெள்ளத்தில் கணவரை இழந்தவர். எந்தப் பட்டியலிலும் இல்லாததை அவளே எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குச் செங்கல்பட்டு போகவேண்டும். நான் வாசலில் வண்டியோடு நின்று நேரமாகிறது என்று அவசரப்படுத்தினேன். அக்கா படியில் உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இருல, ஆறட்டும்" என்றாள்.